'கழிவுநீர் வெளியேற்றம் காணப்படவில்லை': நான்காவது மனுவுக்கு முன்

கேள்வி: காவிரியில் போய்ச் சேரும் ஓர் ஓடையின் கரையில் எங்கள் ஊர். எனக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, நான்கு மாடுகள். இரண்டு வருடத்துக்கு மேலாக ஓடையில் சாயத்தண்ணி வருகிறது. பகலில் ஒன்றும் இருக்காது. நள்ளிரவு தாண்டினால் ஒருநாள் ஊதா, ஒருநாள் சிவப்பு. கிணற்றுத் தண்ணீரை இப்போது மாடுகூட வாயில் வைப்பதில்லை. மேலே இருக்கும் சாயப்பட்டறை மீது கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளில் மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்று முறையும் 'ஆய்வு செய்யப்பட்டது, கழிவுநீர் வெளியேற்றம் காணப்படவில்லை, மனு முடிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. அடுத்து யாருக்கு மனு கொடுக்க வேண்டும்? முதலமைச்சருக்கா? கோர்ட்டுக்குப் போக எவ்வளவு செலவாகும்? ஊரில் பாதிப் பேர் அந்தப் பட்டறையில்தான் வேலை செய்கிறார்கள். 'எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறியா' என்று கேட்கிறார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

அம்மா, நீங்கள் கடிதத்தோடு வைத்து அனுப்பிய மூன்று பதில்களின் நகல்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் 'கழிவுநீர்' என்ற சொல் 'கழிவுநிர்' என்றே அச்சாகியிருக்கிறது. முதல் பதிலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி இரண்டு முறை அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் இதைப் பார்த்து மனம் நொந்து போயிருப்பீர்கள். நான் வக்கீல், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மூன்று தாள்களையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். அவை இந்த வழக்கின் முதல் மூன்று ஆவணங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கு வந்த பொறியாளர் பொய் எழுதினார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பகல் பதினொரு மணிக்கு வந்திருப்பார், ஓடை காய்ந்து கிடந்திருக்கும், பார்த்ததை எழுதியிருப்பார். 'காணப்படவில்லை' என்பது அந்த நேரத்து உண்மை. நீங்கள் சொல்வதோ நள்ளிரவு தாண்டிய உண்மை. இந்த இரண்டும் ஒரே தாளில் சந்திக்கும்படி செய்வதுதான் இனி உங்கள் வேலை. நான்காவது மனு அதைச் செய்யாது.

மனு எப்படிப் போகிறது என்று பாருங்கள். கலெக்டர் ஆபீஸில் எண் போட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அதை உதவிப் பொறியாளரிடம் தள்ளுவார். அவர் நாலு வரி எழுதித் தருவார். அந்த நாலு வரி வந்த வழியே திரும்பி உங்களிடம் வரும். 'முடிக்கப்பட்டது' என்பது மனுவைப் பற்றிய சொல், உங்கள் ஓடையைப் பற்றியது அல்ல. முதலமைச்சருக்கு அனுப்பினாலும், 1100க்கு போன் போட்டுச் சொன்னாலும், சுற்றிச் சுற்றி அதே உதவிப் பொறியாளரின் மேசைக்குத்தான் வரும். அவரே முன்பு எழுதியதை அவரே மறுத்து எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது, இல்லையா?

ஆகவே நடவடிக்கை எடுங்கள் என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இருபது வருடத்துக்கு மேல் இந்த மாதிரி வழக்குகளில் நான் கண்டது இதுதான்: அரசு அலுவலகத்தை அசைப்பது நம் கண்ணீரைவிட அதன் கோப்பில் அதுவே எழுதி வைத்த வரி.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. வெள்ளைத் தாளில், தமிழில், கையால் எழுதினாலே போதும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீது பத்திரம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவர்களும் கேட்கக் கூடாது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், மழுப்பலாக வந்தாலும், அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் சரிப்படவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தகவலைக் காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். அதை அவர் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும் என்பதால் இந்த ஒரு பிரிவுக்கு அலுவலகங்களில் கொஞ்சம் மரியாதை உண்டு.

ஆனால் என்ன கேட்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்டால், 'விளக்கம் கோருவது தகவல் ஆகாது' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டப்படி அது சரியான பதிலும்கூட. கேள்விக்குறியே இல்லாமல் எழுதுங்கள். 'இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணில் இயங்கும் சாயப்பட்டறைக்கு வழங்கப்பட்ட நிறுவ இசைவாணை, இயக்க இசைவாணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள்.' (பட்டறையை நிறுவவும் ஓட்டவும் வாரியம் தரும் அனுமதிதான் இசைவாணை.) 'கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பட்டறையில் செய்யப்பட்ட எல்லா ஆய்வுகளின் அறிக்கை நகல்கள், ஆய்வு நடந்த தேதி, நேரம் உட்பட.' 'எடுக்கப்பட்ட கழிவுநீர் மாதிரிகளின் பரிசோதனை அறிக்கைகள்.' 'என் மூன்று மனுக்கள் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல்.' கடைசியாக ஒரு வரி: 'மேற்படி கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி.' நேரில் பார்ப்பதும் அந்தச் சட்டம் தரும் உரிமை, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. பட்டறையின் பெயர் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், சர்வே எண் போதும். விஏஓவிடம் கேட்டால் சொல்வார்.

இதற்கு வரக்கூடிய ஒரு பதிலுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். 'அப்படி ஒரு பட்டறைக்கு இசைவாணை எதுவும் வழங்கப்படவில்லை' என்று வந்தால், அன்றைக்கே எனக்கு போன் செய்யுங்கள். காவிரிக் கரையோரம் இசைவாணையே வாங்காமல், வெளியில் போர்டு இல்லாமல் ஓடும் பட்டறைகள் ஒன்றிரண்டல்ல. அவற்றை அவ்வப்போது இடிக்கிறார்கள், அவை வேறு இடத்தில் முளைக்கின்றன. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி இசைவாணை இல்லாமல் கழிவுநீர் வெளியேற்றும் தொழிலை நடத்தவே முடியாது. அப்படிப்பட்ட இடத்தின் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்ல அதே சட்டத்தின் 33ஏ பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. கழிவுநீர் வெளியே வந்ததா இல்லையா என்ற பஞ்சாயத்தே அங்கே தேவைப்படாது.

இசைவாணை இருக்கிறது என்றால் அதை நிதானமாகப் படியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ லிட்டர் கழிவுநீர் உருவாகலாம், அதை எப்படிச் சுத்திகரிக்க வேண்டும், ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனை, மீட்டர்கள் எங்கெங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்புறம் ஆய்வறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு கோப்பு நினைவுக்கு வருகிறது. சில வருடங்களுக்கு முன், ஒரு மாவட்ட அலுவலகத்தில், உங்களைப் போன்ற ஒரு விவசாயியோடு கோப்பு பார்க்கப் போயிருந்தேன். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். ஒரு ஸ்டூலை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்காரச் சொன்னார்கள். அந்தப் பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது, எண்கள் தெரியும். நான் பத்தி பத்தியாகப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கங்களை மட்டும் புரட்டிக்கொண்டே வந்தார். 'தம்பி, இந்த நம்பர் எல்லாத்துலயும் ஒண்ணாவே இருக்குதுங்களே' என்றார். பதினான்கு மாதத்தில் ஆறு ஆய்வறிக்கை. ஆறிலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழையும் இடத்து மீட்டரின் ரீடிங் ஒரே எண். மீட்டர் பதினான்கு மாதமாக ஓடவில்லை. பட்டறையோ நாள் தவறாமல் ஓடியிருக்கிறது. 'சுத்திகரிப்பு நிலையம் இயக்கத்தில் உள்ளது' என்று ஆறு முறையும் கீழே கையெழுத்து. அந்த வழக்கில் நான் அதிகம் பேச வேண்டியே வரவில்லை.

நீங்களும் அப்படிப் பாருங்கள். சாயப்பட்டறையில் சுத்திகரிப்பு நிஜமாகவே நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஓடைக்குப் போக வேண்டியதில்லை. ஆர்.ஓ. மெஷினும், மிச்சத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் கரண்டை விழுங்குபவை. சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின் மீட்டர் வைத்திருந்தால், அந்த யூனிட் கணக்கு கதை சொல்லும். தினமும் சுத்திகரித்தால் தினமும் சேறு சேரும், உப்பு சேரும். அந்தச் சேறு அபாயகரமான கழிவு, அதை எங்கே கொட்டினார்கள், எத்தனை டன் என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும். வருடம் முழுக்கத் துணி நனைந்திருக்கிறது, சேறு மட்டும் சேரவில்லை என்றால் அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போயிருக்கும் என்று நீதிபதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சில சமயம் 'இது மூன்றாம் நபரின் வணிக ரகசியம்' என்று மறுப்பார்கள். சாயத்தின் பார்முலாவை நாம் கேட்கவில்லை, சாக்கடையின் கணக்கைக் கேட்கிறோம். மேல்முறையீட்டில் 'பொது நலன் இதில் பெரிது' என்று எழுதுங்கள், அந்த விதிவிலக்கு அதே பிரிவிலேயே இருக்கிறது. வக்கீல்களில்கூடப் பல பேர் பயன்படுத்தாத இன்னொரு வழியும் உண்டு. நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஆறாவது உட்பிரிவு: இசைவாணைகளில் விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு வாரியம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், கழிவுநீரால் பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் நியாயமான நேரத்தில் போய் அதைப் பார்க்கலாம். 1974இலேயே, தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு முப்பத்தொரு வருடம் முன்பே, எழுதிவைத்த உரிமை இது. போய்க் கேட்டால் 'அப்படி ஒரு ரிஜிஸ்டரா?' என்று முழிப்பார்கள். அந்த முழிப்பையும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அவர்கள் காகிதம் ஒரு பக்கம். உங்கள் பக்கமும் ஒரு காகிதம் வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். டிடிஎஸ் மீட்டர் என்று பேனா மாதிரி ஒரு கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும். பட்டறைக்கு மேலே ஓடையில் ஓரிடம், கீழே ஓரிடம், உங்கள் கிணறு: இந்த மூன்று இடத்தில் தினமும் ஒரே நேரத்தில் முக்கிக் குறித்து வையுங்கள். மேலே இருக்கும் ரீடிங் மிக முக்கியம். அது இல்லாவிட்டால் 'இந்தப் பூமியே உப்புப் பூமிதான்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். நிறத்தைப் போக்குவது பெரிய வித்தையில்லை, பிளீச்சிங் பவுடரே போக்கிவிடும். உப்பு போகாது. உங்கள் ஓடையில் ஒருநாள் ஊதாவும் சிவப்பும் நின்று தண்ணீர் தெளிவாக வர ஆரம்பிக்கலாம். ஊரே நிம்மதிப் பெருமூச்சு விடும். அன்றைக்கும் மீட்டரை முக்கிப் பாருங்கள். மழை நாளைத் தவற விடாதீர்கள், திருட்டுத்தனமாகத் திறந்துவிடுபவர்களுக்கு மழைதான் தீபாவளி.

இந்த நோட்டும், போனில் எடுக்கும் படங்களும் எதற்கு உதவும், எதற்கு உதவாது? நீங்கள் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பிய தண்ணீரை வைத்து நீர்ச் சட்டத்தின் கீழ் தண்டனை வாங்கித்தர முடியாது. அதற்கு 21ஆம் பிரிவு ஒரு முறை சொல்கிறது: வாரிய அதிகாரி, பட்டறைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஆனால் அந்த அதிகாரியை எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு வரவைக்க வேண்டும் என்பதற்கு உங்கள் நோட்டைவிட நல்ல ஆதாரம் இல்லை. 'கடந்த அறுபது நாளில் இருபத்திரண்டு இரவு, நள்ளிரவு ஒன்று முதல் மூன்று வரை' என்று தேதிகளோடு எழுதி, அந்த நேரத்தில் திடீர் ஆய்வு செய்து 21ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்கும்படி கேட்டுப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு வந்துவிட்டு மறுபடியும் 'காணப்படவில்லை' என்று எழுத அவருக்கே கை கூசும். கூசாமல் எழுதினால் அதுவும் நமக்கு ஓர் ஆவணம்தான். போன் படங்களை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள், கோர்ட்டில் கொடுக்கும்போது அவற்றுக்கு ஒரு சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

இனி கோர்ட். நேராகவே சொல்கிறேன், இதில் உங்களுக்கு ஒரு அவசரம் இருக்கிறது. மூன்று மனு கொடுத்துக் காத்திருந்த இரண்டு வருடத்தில் கெடு ஓடிக்கொண்டே இருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் என்பது சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தனி நீதிமன்றம், அதற்கான சட்டம் 2010இல் வந்தது. அதன் 14ஆம் பிரிவில் வழக்குப் போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். அவ்வளவுதான். மனு கொடுத்துப் பதிலுக்குக் காத்திருந்தேன் என்பதை ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு இரவும் புதிதாக விடுகிறார்கள், ஆகவே ஒவ்வொரு இரவும் புதிய பிரச்சினை என்று வாதாடலாம், நான் வாதாடியும் இருக்கிறேன். ஆனால் அப்படி வாதாட வேண்டிய நிலைக்கு நாமே ஏன் போக வேண்டும்? நல்ல வேளை, பாதிப்புக்கு இழப்பீடும், கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் சரிசெய்யும் உத்தரவும் கேட்கும் 15ஆம் பிரிவுக்கு ஐந்து வருடக் கெடு. அந்தக் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத வழக்குக்கு 1,000 ரூபாய் கட்டணம், கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். கட்டணத்தைவிட வக்கீல் ஃபீஸ்தான் உங்களைப் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்கு வந்ததும் தீர்ப்பாயம் பெரும்பாலும் செய்யும் முதல் காரியம், கலெக்டர் தரப்பு, வாரியம் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டுக் குழுவை நேரில் அனுப்புவது. அவர்கள் வரும் நாளில் வீட்டில் இருங்கள், நோட்டைக் கையில் கொடுங்கள், ஓடையின் எந்தத் திருப்பத்தில் குழாய் மறைந்திருக்கிறது என்று நடந்து போய்க் காட்டுங்கள். இதை நம் ஆட்கள் பலர் தவறவிடுகிறார்கள். குழு வந்து பட்டறைக்காரரின் ஆபீஸில் டீ குடித்துவிட்டுப் போய்விடும்.

ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. பாலாற்றுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகள் விட்ட கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. அந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே செலவு ஏற்க வேண்டும், கெடுதல் நிச்சயமாகத் தெரியும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டமே என்று சொன்ன தீர்ப்பு. இந்தியா முழுக்க எந்தச் சுற்றுச்சூழல் வழக்கிலும் இன்று அதை மேற்கோள் காட்டாமல் முடியாது. நம் வேலூர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்தது அது. ஆனால் அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இழப்பீடு இன்னும் சேராதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள், கெடுத்தவர்களிடம் வசூல் செய்யுங்கள், மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள் என்று. இரண்டுக்கும் நடுவில் இருபத்தெட்டு வருடம். ஒரு விவசாயியின் மகன் பிறந்து, படித்து, கல்யாணம் செய்துகொள்ளும் காலம்.

நொய்யல் உங்களுக்கு இன்னும் பக்கம். ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்காகக் கட்டினார்கள், அது திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாகிவிட்டது. அணையில் தண்ணீர் திறக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கெஞ்சிய ஒரே ஊர் அதுவாகத்தான் இருக்கும். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசனத்தை நம்பிய நிலக்காரர்கள், சங்கம் கட்டி வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது, 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் கழிவு நிற்கவில்லை என்று 2011 ஜனவரியில் திருப்பூரின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அதன் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு என்பது பேச்சிலிருந்து குழாய்க்கு வந்தது.

இரண்டு இடத்திலும் மக்கள் தீர்ப்போடு வீட்டுக்குப் போய்விடவில்லை. தீர்ப்பு நிறைவேறியதா என்று அடுத்த மனுவும் அதற்கடுத்த மனுவும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நோட்டு வாங்கும்போது ஒன்றுக்கு மூன்றாக வாங்கச் சொல்வது அதனால்தான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, எனக்கும் அதுதான் கஷ்டமான கேள்வி. 'எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடறியா' என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? திருப்பூர் மூடப்பட்டபோது கூலிக்காரர்கள் வேலை இழந்தது உண்மை, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்பே நொய்யல் கீழ்க்கரையில் களையெடுக்கவும் கதிர் அறுக்கவும் போன பெண்கள் வருடக்கணக்காக வேலை இழந்திருந்தார்கள். அந்தக் கணக்கை யாரும் எந்த ஆபீஸிலும் எழுதவில்லை. அதைக் கேட்பவர்களிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள், ஆற அமரச் சொல்லுங்கள்.

உங்கள் மனுவில் ஒரு சொல்லை மாற்றுங்கள். மூன்று மனுவிலும் 'பட்டறையை மூட வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'இசைவாணையின் நிபந்தனைகளை நிறைவேற்ற வைக்க வேண்டும்' என்று எழுதுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தைத் தினமும் ஓட்டினால் பட்டறையும் ஓடும், மாடும் தண்ணீர் குடிக்கும். எவாப்பரேட்டரை ஓட்ட ஆகும் கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க முதலாளி ராத்திரியில் திறந்துவிடுகிறார், அந்த மிச்சத்தில் கூலிக்கு ஒரு ரூபாய் கூடியதா என்று அவர்களையே கேளுங்கள். இதையெல்லாம் சொன்ன பிறகும் அந்தப் பட்டறை மூடப்படவே மாட்டாது என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சில முதலாளிகள் சுத்திகரிப்பதைவிட மூடிவிட்டுப் போவதையே தேர்ந்தெடுப்பார்கள்.

கிராம சபை வருகிறது. வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஓடையில் கழிவுநீர் கலப்பது பற்றித் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். கிராம சபைத் தீர்மானத்தால் ஒரு பட்டறையை மூட முடியாது. ஆனால் ஊர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தாளைத் தீர்ப்பாயத்தில் நீட்டும்போது, இது ஒரு தனிப்பெண்ணின் பகை என்று எதிர்த்தரப்பு வாதாட முடியாது. பட்டறையில் வேலை செய்பவர்களில் ஒரே ஒருவர், அவர் வீட்டுக் கிணறும் கெட்டிருந்தால், கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். அந்த ஒருவர் யார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

ராத்திரியில் ஓடைப் பக்கம் தனியாகப் போகாதீர்கள், மகனையோ பக்கத்து வீட்டுக்காரர்களையோ கூட்டிக்கொண்டு போங்கள். பட்டறை வேலிக்குள் காலே வைக்காதீர்கள், அத்துமீறி நுழைந்ததாக உங்கள் மேல்தான் வழக்கு வரும். உங்கள் கரையில் நின்றே படம் எடுங்கள். வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் பஸ் காசில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் இரண்டு வாங்குங்கள். ஒன்று வாரியத்துக்கு. இன்னொன்று உங்கள் பஞ்சாயத்துக்கு, அந்தப் பட்டறைக் கட்டிடத்துக்குக் கொடுத்த அனுமதியின் நகல் கேட்டு. பதில் வந்ததும், என்ன வந்தாலும், உறையோடு சேர்த்து நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உறை மேல் இருக்கும் தபால் முத்திரைத் தேதி தேவைப்படும்.